வியப்புகள் நிறைந்த மாநிலம்

செப்டம்பர் 8, செவ்வாய்

அப்பா காலை எட்டு மணிக்கு லாரியை எடுத்தார். சேலத்தில் ஏற்றிய ஜவ்வரிசி, ராய்ப்பூரில் இறக்க வேண்டும். ஆண்டியப்பன் மாமாதான் மாத்து டிரைவர். அம்மா இரண்டு பேருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தறிப்பட்டறைக்குப் போனாள். நான் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு நாற்பது நூல் தார் சுற்றினேன். நூல் இன்று நிறைய அறுந்தது.

இந்த டைரி ஜவ்வரிசி மில்லில் அப்பாவுக்குக் கொடுத்தது. எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. என்னிடம் நீல நோட்டு ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் போர்டு மட்டும்தான் எழுதுவேன்.

அந்த நோட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் பாதியில் நான் நின்றுவிட்ட சமயம். ஒவ்வொரு மாநில எல்லையிலும், நல்வரவு என்று எழுதி அதன் கீழே அந்த மாநிலத்தைப் பற்றி ஒரு வரி போட்டிருப்பார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அதனால் எல்லை தாண்டியதும் எனக்கு போன் போட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். நான் அகராதியைப் பார்த்து அர்த்தம் சொல்வேன். பிறகு அப்பா அதற்கு ஒரு கிண்டல் வரி சொல்வார். நானும் ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். மேற்கு வங்காளம் இந்தியாவின் மிக இனிப்பான பகுதி என்று எழுதியிருந்தது. "ஆமா அம்மிணி, பருப்புக்கும் சர்க்கரை போடறானுக" என்றார். ஒடிசா இந்தியா காத்து வைத்திருக்கும் ரகசியம். "ரகசியந்தான், டீக்கடை எங்கீன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டீங்கறான்." மத்தியப் பிரதேசம் இந்தியாவின் இதயம் என்றதற்கு நான்தான் சொன்னேன், அப்படியென்றால் ரோடெல்லாம் அடைப்பு எடுக்க வேண்டும் என்று. அதை அப்பா நாக்பூர் வரைக்கும் எல்லா டிரைவர்களிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

போனில் எனக்குப் பேச்சு வரும். எதிரே முகம் இருந்தால்தான் வராது.

சாயந்திரம் ஐந்தரைக்கு ஓசூர் தாண்டி அப்பா போன் செய்தார். கர்நாடகம்: ஒரே மாநிலம், பல உலகங்கள். அப்பா: ஒரே ரோடு, பல பள்ளம். நான்: ஒரே டிரைவர், பல இடுப்பு வலி.

செப்டம்பர் 9, புதன்

மதியம் ஆந்திரா. போர்டு ஒன்றும் கண்ணில் படவில்லை, முன்னால் போன லாரி மறைத்துவிட்டது என்றார். அம்மாவுக்கு இரண்டு நாளாக முட்டி வலி. கற்பூர எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

செப்டம்பர் 10, வியாழன்

ஆண்டியப்பன் மாமாவின் சம்சாரத்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஐதராபாத்தில் இறங்கி பஸ் பிடித்துவிட்டார். அப்பா தனியாகத்தான் ஓட்டுகிறார். மெதுவாக ஓட்டச் சொல்லு என்று அம்மா என்னிடம் சொல்ல, நான் போனில் சொன்னேன். அப்பா குரல் கட்டியிருந்தது. கேட்டால் ஏசி காற்று என்றார். லாரியில் ஏது ஏசி.

செப்டம்பர் 11, வெள்ளி

காலை பத்து மணிக்கு மகாராஷ்டிரா. எழுத்து எழுத்தாகச் சொன்னார். எல்லையில்லாதது என்று அர்த்தம். "ஆமா, இந்த மழைக்கு எல்லையே இல்ல" என்றார். நான் எதையோ சொன்னேன், நன்றாக இல்லை.

பிறகு அவர் போனை வைக்கவில்லை. சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டுட்டோரியலில் பேசிவிட்டாராம். பத்தாவது தனியாக எழுதலாம், பத்துப் பிள்ளைகள்தான், வாத்தியார் நல்லவர்.

"பதில் இப்ப வேண்டாம். நாளைக்கு சத்தீஸ்கர் போர்டுல கூப்படறேன். அப்ப எனக்குக் கிண்டல் வேண்டாம், பதில்தான் வேணும். சேர்றயா இல்லையா, ஒரே வார்த்தை."

பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் தொண்டையில் ஏதோ மூடிக்கொள்ளும். வகுப்பே காத்திருக்கும். ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் அதே வகுப்பில் படித்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

செப்டம்பர் 12, சனி

அப்பா சத்தீஸ்கருக்குள் போய்விட்டார். காலை பதினொன்றேகால். போர்டு: வியப்புகள் நிறைந்தது. நோட்டில் எழுதியாயிற்று.

இன்று அறுபது தார். ராட்டைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. போன் அரிசி டிரம்மின் மேலே இருந்தது.

அம்மா வந்ததும் அப்பா கூப்பிட்டாரா என்று கேட்டாள். தாண்டிவிட்டார் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டாள். போர்டைச் சொன்னேன். இது போன தடவையும் சொன்னதுதானே என்றாள். போர்டு மாறுமா என்ன என்றேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பா கூப்பிடவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

நேற்றே ராய்ப்பூரில் இறக்கியிருக்க வேண்டும். லாரி ஆபீஸிலிருந்து முதலாளி அம்மாவுக்கு போன் செய்தார். வண்டி போய்ச் சேரவில்லை. அப்பாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் இந்தியில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இன்று இருபத்தாறு தடவை அவள் குரலைக் கேட்டேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

முதலாளி வீட்டுக்கே வந்தார். ரங்கசாமி என்று பேர். எல்லாரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, பாப்பா நோட்டைக் கொண்டா என்றார்.

நீல நோட்டைப் பற்றி லாரி ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் இன்னொரு வண்டிக்கு அப்பா மாத்து டிரைவராகப் போனபோது, வண்டி எங்கே என்று ஆபீஸில் தேட, என் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதிருந்து அப்பா போகும் எந்த வண்டியைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும், நாச்சிமுத்து மக நோட்டுல என்ன இருக்குது என்று கேட்பார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை.

முதலாளி பன்னிரண்டாம் தேதி எழுதியதைப் படித்தார். தேதி, நேரம், போர்டு. சரி, வண்டி சத்தீஸ்கருக்குள்ள பூந்துருச்சு, அங்கதான் தேடணும் என்று அங்கேயே நின்று இரண்டு போன் போட்டார். ராய்ப்பூர் ரோட்டில் இருக்கும் எல்லா ஒர்க் ஷாப்பிலும், எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்கச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று கேட்டாள். அப்பா குரல் எப்படி இருந்தது, டீ குடித்தாரா, பின்னால் என்ன சத்தம் கேட்டது.

நன்றாக இருந்தார் என்றேன்.

செப்டம்பர் 16, புதன்

ஆண்டியப்பன் மாமாவுக்கு ஆண் குழந்தை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லக்கூட முடியாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தீஸ்கர் செக்போஸ்ட்டில் ஆள் விட்டுப் பார்த்தார்களாம். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, மூன்று நாளிலும் எங்கள் வண்டி நம்பர் பதிவில் இல்லை.

அம்மாவுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். வண்டி செக்போஸ்ட்டில் பதியாமல் எல்லை தாண்டியிருக்கிறது என்றால், காட்டு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது என்று அர்த்தம். லோடோடு காட்டு வழியாகப் போகிறவன் எதற்குப் போவான் என்று முதலாளி கேட்கிறாராம்.

"அக்கா, நான் அப்படி நெனைக்கல. ஆனா முதலாளி போலீசுக்குப் போறாரு."

அம்மா என் மடியிலிருந்த நோட்டைக் காட்டினாள். என் புருஷன் திருடப் போகிறவனாக இருந்தால் எல்லை தாண்டினதை மகளிடம் போன் போட்டுச் சொல்வாரா என்றாள். அந்த நோட்டை வைத்துத்தான் அப்பாவைத் திருடன் என்கிறார்கள் என்பது அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் 17, வியாழன்

ஏட்டு ஒருவர் வந்தார். வயதானவர், கோபமே படவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கேரளா, கடவுளின் சொந்த நாடு, அதற்குக் கீழே அப்பாவின் வரி: கடவுள் நடந்துதான் போவாராட்டம், லாரி நிறுத்த இடமில்லை. ஏட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் தன் தாளில் அப்படியே எழுதிக்கொண்டார்.

உங்கப்பா தாண்டிட்டேன்னு வாயால சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா, இது கேஸ் என்றார். மறுபடியும் தலையை ஆட்டினேன். அம்மா என் முதுகில் கை வைத்திருந்தாள்.

செப்டம்பர் 18, வெள்ளி

அம்மா பட்டறைக்குப் போகவில்லை. போனால் தறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்களாம். அப்பாவுக்கு வடக்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். டிரைவர்களுக்கு அது சகஜம் என்று இன்னொருத்தி ஆறுதல் சொன்னாளாம். ஆறுதல் சொன்னவள்மேல்தான் அம்மாவுக்குக் கோபம்.

பதினொன்றேகால் மணிக்கு ராட்டையை நிறுத்திவிட்டு டிரம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகிறது.

செப்டம்பர் 19, சனி

அப்பா ஒருவேளை தாண்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். மகாராஷ்டிரா பக்கமும் தேடச் சொல்லலாம் என்றேன். எதற்குத் திரும்புவார் என்று கேட்டாள். எதையாவது மறந்து வைத்திருக்கலாம் என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெட்டிக்கடையில் இருக்கும் ஒரு ரூபாய் போனில் லாரி ஆபீஸுக்கு அடித்தேன். முகம் தெரியாது, போன்தானே என்று நினைத்தேன். முதலாளி ஹலோ ஹலோ என்றார். எனக்கு மூச்சு மட்டும்தான் போனது. யார்றா அது என்று திட்டிவிட்டு வைத்தார். இப்போது போனிலும் வரவில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

ஆண்டியப்பன் மாமா குழந்தைக்கு வைத்த காப்பரிசியைக் கொண்டுவந்தார். யாரும் தொடவில்லை. போலீஸ் தன்னையும் கூப்பிட்டு விசாரித்ததாகச் சொன்னார். கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தார் என்று கேட்டார்களாம்.

ஐதராபாத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியதாம். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓட்டினாராம். மாமா இறங்க மாட்டேன் என்று சொல்ல, அப்பாதான் மாத்திரை போட்டால் சரியாகிவிடும், நீ போய்ப் பிள்ளையைப் பார் என்று பஸ் ஏற்றிவிட்டாராம். வீட்டில் சொல்லாதே, பயப்படுவார்கள் என்றாராம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்தாள். அவர் அப்படியே நின்றார். அண்ணன் எல்லை தாண்டிப் பாப்பாகிட்ட நல்லாப் பேசியிருக்காரே, அப்புறம் காய்ச்சல் விட்டிருக்கும்னு நினைச்சேன் அக்கா என்றார்.

நல்லாப் பேசினார் என்று சொன்னது நான்.

ஒருவர் போன் செய்து, மணி அடித்தும் எடுக்காவிட்டால், மறுபடி செய்வார். அதையும் எடுக்காவிட்டால் வேலையாக இருக்கிறாள் என்று விட்டுவிடுவார். காரணமில்லாமல் மூன்றாவது தடவை யாரும் செய்ய மாட்டார்கள். அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

செப்டம்பர் 21, திங்கள்

அம்மாவிடம் சொல்லவில்லை. நேராக லாரி ஆபீஸுக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர். வழியில் இரண்டு தடவை திரும்பினேன். இரண்டாவது தடவை வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அம்மா அப்பாவின் சட்டையை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி போனேன்.

ஆபீஸில் ஏழெட்டு ஆம்பிளைகள். டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்ன பாப்பா என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள், வகுப்பில் காத்திருந்த மாதிரியே. ஒருவர் டம்ளரைக் கழுவப் போனார். முதலாளி திரும்பிப் பேப்பரைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது சொன்னேன்.

"அப்பா சத்தீஸ்கர் தாண்டலைங்க. அப்பா கூப்பிடவே இல்ல. நானா எழுதுனனுங்க."

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையை விடக் கஷ்டமாக இருந்தது. போன தடவை அப்பா சொன்ன போர்டை வைத்து எழுதினேன் என்றேன். கடைசியாகப் பேசியது மகாராஷ்டிரா போர்டில் என்றேன். எதற்குடி என்று ஒருவர் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டியப்பன் மாமா அங்கேதான் இருந்தார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே போனை எடுத்து, நாக்பூரில் லோடு பிடித்துக்கொடுக்கும் நம் ஊர்க்காரர் தங்கராசுவுக்கு அடித்தார். நாக்பூரிலிருந்து சத்தீஸ்கர் எல்லை வரைக்கும் ஒவ்வொரு பங்க்காகப் பார்க்கச் சொன்னார். நான் போகலாமா என்று கேட்டேன். உக்காரு என்றார். மூலையில் இருந்த டயர்மேல் உட்கார்ந்தேன். மதியம் மூன்றரை மணிக்குத் தங்கராசு கூப்பிட்டார்.

வண்டி கிடைத்துவிட்டது. எல்லைக்கு இருபது கிலோமீட்டர் முன்னால், மகாராஷ்டிரா பக்கம், ஒரு பெட்ரோல் பங்க்கின் பின்னால் நிற்கிறது. தார்ப்பாய்க் கயிறுகூட அவிழ்க்கவில்லை. பன்னிரண்டாம் தேதி மதியம் டிரைவர் கேபினுக்கும் தரைக்கும் நடுவில் விழுந்து கிடந்தாராம். ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். வண்டியில் எழுதியிருந்த போன் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்களாம், போகவில்லையாம். அதில் ஊர் கோடு எழுதவில்லை. சங்ககிரிக்காரர்களுக்கு எதற்குக் கோடு என்று வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது முதலாளிதான் சொன்னாராம். அதை ஆண்டியப்பன் மாமா சத்தமாகச் சொன்னார். முதலாளி தன் வண்டியில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ஆள் என்ன ஆனார் என்பது பங்க்கில் யாருக்கும் தெரியவில்லை. ஜீப் ஓட்டியவர் ஊரில் இல்லை.

அம்மாவிடம் முதலாளிதான் சொன்னார். அப்பா கூப்பிடவே இல்லையாம், பாப்பாவே எழுதிவிட்டதாம் என்று. அம்மா ஏன் என்று கேட்டாள். ஆபீஸில் சொல்ல முடியாத காரணம் அவளிடமும் வாயில் வரவில்லை. நீ கவலைப்படாமல் இருக்கத்தான் என்றேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

தங்கராசு மூன்று ஆஸ்பத்திரி பார்த்தார். முதல் ஆஸ்பத்திரியில், அந்த ஆள் நினைவே இல்லாமல் வந்தான், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பிழைத்தானா என்று தெரியாது என்றார்கள். அதை அவர் காலை ஒன்பதுக்குச் சொன்னார். பிறகு ஒன்றரை வரைக்கும் போன் வரவில்லை. அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் போனைக் கையில் வைத்திருந்தேன்.

ஒன்றரைக்குத் தங்கராசு. உயிரோடு இருக்கிறார். மூளைக்கு ஏறிய மலேரியா. ஏழு நாள் நினைவில்லை. மூன்று நாளாகத்தான் கண் திறக்கிறார். தமிழ் புரியாததால், ஏதோ உளறுகிறார் என்று விட்டிருக்கிறார்கள். பையிலிருந்த போனை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பேர் தெரியாத ஆள் என்று கட்டிலில் எழுதியிருந்ததாம். இருங்க, காதுல வெக்கறேன் என்றார்.

அம்மாவுக்குக் கேட்பதற்காக போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தேன். அப்பாவின் மூச்சு முதலில் வந்தது. பிறகு அம்மிணியா என்றார். குரல் கிழவன் குரல் மாதிரி இருந்தது. அம்மா அழுதாள். வண்டி பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். லோடு நனையலையே என்றார். இல்லை என்றேன்.

அப்புறம் கேட்டார்.

"அன்னிக்கு நீ வீட்ல இல்லையா அம்மிணி? மூணு தடவ அடிச்சேனே."

அம்மா அழுகையை நிறுத்தினாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தண்ணிக்குப் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருப்பார். அவர் எதையும் நம்புவார்.

"இருந்தேன்ப்பா. போனுக்கு முன்னாலதான் இருந்தேன். மூணு தடவையும் பாத்தேன். டுட்டோரியல் கேப்பீங்கன்னு எடுக்கல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. யாரோ இந்தியில் அதட்டினார்கள். அப்பா வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"மூணாவது தடவ எனக்குக் கண்ணு தெரியல," என்றார். "பட்டனத் தடவித்தான் அடிச்சேன். நீ எடுப்பேன்னு."

திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு தங்கராசு போனை வாங்கி, போதும், மூச்சு வாங்குது என்றார்.

நான் போனைக் கீழே வைத்தேன். அம்மா அடிப்பாள் என்று நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ப் பரணிலிருந்து பெரிய பையை எடுத்தாள். அப்பாவின் இரண்டு வேட்டி, துண்டு, கம்பளி. அவளுடைய இரண்டு சேலை. ஊறுகாய்ப் பாட்டிலைச் சேலைக்குள் சுற்றி வைத்தாள். நாளைக் காலை ஈரோட்டில் ரயில். முதலாளி ஏற்றிவிட வருகிறார், ஆண்டியப்பன் மாமா கூட வருகிறார்.

நான் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவள் கொடியிலிருந்து என் நீலச் சுடிதாரை உருவிப் பையில் திணித்தாள்.

"கேஸை வாபஸ் வாங்கணும்னா நீதான் ஸ்டேஷன்ல சொல்லோணுமாம். காத்தால போற வழியில எறங்கிச் சொல்லிப்புட்டு ரயிலேறு," என்றாள். "அங்க போயி அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. என்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

பையின் ஜிப் மூடவில்லை. நான் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். அம்மா இழுத்து மூடினாள். நடுவில் ஒரு தடவை துணி சிக்கியது. அவள் நிறுத்தினாள், நான் விரலால் துணியை உள்ளே தள்ளினேன், மறுபடி இழுத்தாள். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.